குறி பொய் சொன்னால் விளக்கு என்ன செய்யும்? பழைய என்ஜினின் பேலன்சரும் டைமிங்கும்

பத்தாங் பெர்ஜுந்தைக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். சாலைப் பலகை மாறிவிட்டது, எங்கள் வாய்தான் இன்னும் மாறவில்லை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இந்த ஊர்ப் பக்கத்தில்தான் தொடங்கியது. அதன் பெயர் தென்னமரம். செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னமரம் என்று பெயர் வைத்திருக்கிற ஊரில் எது எப்படி இருந்தால்தான் என்ன என்று பழைய காடிகளையும் விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பழக்குலை ஏற்றிய லாரிகளுக்கு நடுவே ஒரு டாட்சன் 120ஒய், ஒரு கே.இ. 70 கொரோலா, ஒரு முதல் தலைமுறை சாகா என்று தினமும் ஒன்றாவது கண்ணில் படும்.

நான் போமன் இல்லை, அதாவது பட்டறை மெக்கானிக் இல்லை. எண்ணெய் ஆலையில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என்னிடம் ஒரு 120ஒய் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அதற்கு அடியில்தான் கிடப்பேன். அதைப் பார்த்துவிட்டுத் தெருவில் இருக்கிறவர்கள் தங்கள் காடியையும் கொண்டு வந்து நிறுத்துவார்கள். அப்படி வந்ததுதான் டிரஸ்சர் ஐயாவின் வால்வோ 240. தோட்டத்து மருத்துவமனையில் முப்பது வருஷம் டிரஸ்சராக இருந்தவர். ஷா ஆலமில் கோத்து விற்ற காலத்து வண்டி, கார்பரேட்டர் மாடல்.

"தம்பி, மேட்டுல ஏறமாட்டேங்குது, சூடும் ஏறிடுது. ரேடியேட்டர் மாத்தியாச்சு, தெர்மோஸ்டாட் மாத்தியாச்சு, எண்ணெய் பம்பும் மாத்தியாச்சு. டைமிங்கூட விளக்கு போட்டுத்தான் வச்சாங்க" என்றார்.

நானும் டைமிங் லைட்டை, அதாவது பிளக்கில் பொறி விழும்போது மட்டும் மின்னும் விளக்கை, மாட்டிப் பார்த்தேன். என்ஜின் முன்புறப் புல்லியில் இருக்கும் குறி, மூடியில் போட்டிருக்கும் அளவில் சரியாக 10 டிகிரியில் நின்றது. ஆனால் என்ஜின் சத்தத்தில் உயிரே இல்லை, சைலன்சர் பக்கம் கை வைக்க முடியாத அனல். சரி என்று, பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, விளக்கைப் பார்க்காமல் காதை மட்டும் நம்பி மெதுவாகத் திருப்பினேன். என்ஜின் ஜம்மென்று எழுந்தது, ஓட்டம் சீரானது. இப்போது விளக்கைப் பிடித்தால் 30 டிகிரி காட்டுகிறது! காது ஒன்று சொல்கிறது, விளக்கு வேறொன்று சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய்.

அன்றைக்குப் பொய் சொன்னது விளக்கும் இல்லை, காதும் இல்லை. விளக்கு எதன் மேல் வெளிச்சம் அடித்ததோ அந்தக் குறி. அது ஏன் பொய் சொன்னது என்று புரிந்தால் ஹார்மோனிக் பேலன்சர், இக்னிஷன் டைமிங் இரண்டும் சேர்ந்தே புரிந்துவிடும். அதனால்தான் இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதுகிறேன்.

தீ பிடிக்க நேரம் வேண்டும்

முதலில் டைமிங். பிஸ்டன் மேலே ஏறிக் காற்றையும் பெட்ரோலையும் அழுத்துகிறது. உச்சிக்கு வந்ததும் பிளக் பொறி விட்டால் வெடித்துக் கீழே தள்ளும் என்றுதான் பள்ளிக்கூடத்துப் படத்தில் போட்டிருக்கும். நடப்பது அப்படி இல்லை. உள்ளே நடப்பது வெடியும் இல்லை, எரிதல். பிளக் பக்கத்தில் பற்றிய தீ அந்த அறை முழுக்கப் பரவக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கொஞ்சம் என்றால் ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்து, அதில் இரண்டு மூன்று பங்கு.

கண் இமைப்பதைவிடக் குறைவான நேரம்தானே என்று விட்டுவிட முடியாது. ஐட்லிங்கில் என்ஜின் நிமிஷத்துக்கு 900 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் ஒரு மில்லிநொடியில் பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் 5.4 டிகிரி திரும்பியிருக்கும். பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கும்போது, அதாவது உச்சிக்குப் பிறகு 10, 15 டிகிரி அளவில், அழுத்தம் அதன் உச்சத்தில் இருந்தால்தான் தள்ளு முழுசாகக் கிடைக்கும். அதற்குப் பொறி முன்கூட்டியே விழ வேண்டும். இந்த முன்கூட்டிய அளவைத்தான் உச்சிக்கு முன் இத்தனை டிகிரி என்று சொல்கிறோம். பழைய நான்கு சிலிண்டர் என்ஜின்களுக்கு ஐட்லிங்கில் பெரும்பாலும் 5-இலிருந்து 12-க்குள் ஏதாவது ஓர் எண் இருக்கும். உங்கள் வண்டிக்கு எது என்பது பானெட் அடியில் ஒட்டிய தகட்டிலோ சர்வீஸ் புத்தகத்திலோ போட்டிருக்கும். அடுத்த வீட்டுக்காரர் சொன்ன எண்ணை வைக்காதீர்கள்.

என்ஜின் 3000 சுற்றுக்குப் போனால் அதே ஒரு மில்லிநொடியில் 18 டிகிரி ஓடிவிடும். வேகம் கூடக்கூடப் பொறி இன்னும் முன்னால் விழுந்தாக வேண்டும். அந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு குட்டி எடைகள் செய்கின்றன. ராட்டினத்தில் சங்கிலித் தொட்டில் வெளியே விரிவதைப் போல, சுற்ற சுற்ற அவை விரிந்து பொறியை முன்னுக்குத் தள்ளும். ஓரத்தில் இருக்கும் வட்ட டப்பா, ரப்பர் குழாய் மாட்டியது, வேக்குவம் அட்வான்ஸ். ஆக்சிலரேட்டரை லேசாக மட்டும் மிதித்து ஓட்டும்போது அது இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளும். நாம் கையால் வைப்பது அடிப்படைப் புள்ளியை மட்டும்தான். அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்வது டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை. அடிப்படையே கோணலாக இருந்தால் மேலே உள்ளதெல்லாம் கோணல்.

பொறி ரொம்ப முன்னால் விழுந்தால் ஏறி வருகிற பிஸ்டனை எரிகிற வாயு எதிர்த்து அடிக்கும். மேட்டில் மூன்றாவது கியரில் மிதித்தால் டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குவது மாதிரி 'கிணிகிணி' என்று கேட்குமே, அந்த நாக்கிங் பெரும்பாலும் இதன் வேலை. அதை மாதக்கணக்கில் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் பிஸ்டனிலேயே ஓட்டை விழும். பொறி தாமதமாக விழுந்தால் நாக்கிங் வராது, அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது. இழுவை போகும், பெட்ரோல் குடிக்கும், பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு சைலன்சர் வழியாகவும் தண்ணீர் வழியாகவும் போகும். டிரஸ்சர் ஐயா ரேடியேட்டர் மாற்றியது இதனால்தான்.

காண்டா வாளியும் கிராங்க் ஷாஃப்டும்

இப்போது பேலன்சருக்கு வருவோம். என்ஜின் முன்பக்கம், பெல்டிங் ஓடுகிற பெரிய புல்லியைப் பார்த்திருப்பீர்கள். பல பேர் அதை வெறும் புல்லி என்றுதான் நினைத்திருக்கிறார்கள். சின்ன நான்கு சிலிண்டர் என்ஜின்கள் பலவற்றில் அது வெறும் புல்லிதான், ஒரே இரும்புத் துண்டு. ஆனால் வால்வோ 240, ஆறு சிலிண்டர் லேண்ட் குரூசர், அமெரிக்க வி-8 போன்றவற்றில் அது இரண்டு துண்டு. நடுவில் கிராங்க் ஷாஃப்ட் மேல் உட்காரும் குடம், வெளியே கனமான வளையம், இரண்டுக்கும் இடையில் ஒட்டிய ரப்பர் பட்டை.

எதற்கு இந்த ரப்பர்? கிராங்க் ஷாஃப்ட் எவ்வளவு கெட்டி இரும்பாக இருந்தாலும் ஒவ்வொரு எரிதலுக்கும் மயிரிழை முறுக்கிக்கொண்டு திரும்ப விரியும். ஈரத்துண்டைப் பிழிகிற மாதிரி, ஆனால் கண்ணுக்கே தெரியாத அளவு. 900 சுற்றில் நான்கு சிலிண்டர் என்ஜினில் நொடிக்கு 30 எரிதல். வேகம் கூடினால் முறுக்கலும் அதே கணக்கில் கூடும். எந்த இரும்புத் தண்டுக்கும் தனக்கென்று ஒரு தாளம் உண்டு. எரிதலின் தாளமும் தண்டின் தாளமும் ஒன்றாகிவிட்டால் முறுக்கல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தண்டு ஒருநாள் முறிந்தே போகும்.

பால்மரக் காட்டில் காண்டா வாளி தூக்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கம்பின் இரண்டு முனையிலும் பால் நிறைந்த வாளி. நடையின் தாளமும் கம்பு துள்ளும் தாளமும் ஒன்றானால் பால் தெறித்துச் சிந்தும். அம்மா அப்போது ஓர் அடியைக் கட்டையாக வைத்து நடையை மாற்றிக்கொள்வார். கிராங்க் ஷாஃப்டால் அப்படி நடையை மாற்ற முடியாது, எல்லா வேகத்திலும் ஓடித்தான் ஆக வேண்டும். அதனால் இன்னொரு வழி. லயத்துக் குழாயிலிருந்து தண்ணீர் தூக்கி வரும்போது வாளியில் ஓர் இலைக்கொத்தைப் போட்டுக்கொள்வார்களே, அலையடிக்காமல் இருக்க? அந்த இலைக்கொத்துதான் ஹார்மோனிக் பேலன்சர். தண்டு வெடுக்கென்று முன்னே முறுக்கும்போது கனமான வளையம் கொஞ்சம் பின்தங்கி இழுக்கும். தண்டு பின்னே வரும்போது வளையம் முன்னே போகப் பார்க்கும். நடுவில் மாட்டிய ரப்பர் இந்த இழுபறியை எல்லாம் தன்மேல் வாங்கிச் சூடாக்கி வெளியே விட்டுவிடும்.

பேலன்சர் என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்று. பெரும்பாலான என்ஜின்களில் அது எதையும் சமன் செய்வதில்லை, அதிர்வை அடக்குகிறது. சில அமெரிக்க வி-8 என்ஜின்களில் மட்டும் சமன் செய்யும் எடையையும் அதன் மேலேயே வைத்திருப்பார்கள், அங்கே மாற்றி மாட்டினால் என்ஜினே ஆடும். இந்த வித்தை நூறு வருஷத்துக்கு மேல் பழசு. 1900களின் தொடக்கத்தில் ஆறு சிலிண்டர் என்ஜின்களின் நீளமான கிராங்க் ஷாஃப்டுகள் தொல்லை கொடுத்தபோது இங்கிலாந்தில் ராய்ஸ், லான்செஸ்டர் என்ற இரண்டு பொறியாளர்கள் ஆளுக்கொரு பக்கம் வழி தேடினார்கள். பெரிய டீசல் என்ஜின்கள் பலவற்றில் ரப்பருக்குப் பதில் கெட்டியான சிலிக்கோன் திரவம் அடைத்திருக்கும், வேலை அதேதான்.

ரப்பர் கெட்டுப்போவதைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெயில், சூடு, எண்ணெய், வயசு. முன்பக்க ஆயில் சீல் கசிந்து எண்ணெய் ரப்பரில் ஊறினால் அது ஊதிப்போய் ஒட்டு விடும். ஒட்டு விட்டதும் வெளி வளையம் குடத்தின் மேல் வழுக்கத் தொடங்கும். ஆல்டர்னேட்டர், ஏர்கோன் எல்லாம் பெல்டிங் வழியாக வளையத்தைப் பின்னுக்கு இழுப்பதால் அது பெரும்பாலும் பின்பக்கமாகத்தான் வழுக்கும்.

டைமிங் குறி இருப்பது அந்த வெளி வளையத்தின் மேல். கதையின் முடிச்சு அங்கேதான். வளையம் 20 டிகிரி பின்னே வழுக்கிவிட்டால் குறியும் 20 டிகிரி பின்தங்கிவிடும். உண்மையில் பொறி 10 டிகிரியில் சரியாக விழுந்தாலும் விளக்கு 30 என்று காட்டும். நேர்மையான போமன் ஒருவர் அதைப் பார்த்து, அடடா ரொம்ப முன்னால் இருக்கிறதே என்று டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி 10-க்குக் கொண்டு வருவார். இப்போது பொறி விழுவது உச்சிக்குப் பிறகு 10 டிகிரியில். ஐட்லிங் இறங்கும், கார்பரேட்டர் திருகை முறுக்கி அதையும் ஏற்றிவிடுவார். கணக்கு எல்லாம் சரி, காடிதான் ஏறாது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. குறியை நம்பாதவன் வேறு எதை நம்பி வேலை செய்வது?

குறியைச் சோதிப்பது

அதனால் பழைய என்ஜினில் டைமிங் லைட்டை எடுக்கும் முன் குறி உண்மை சொல்கிறதா என்று பாருங்கள். என்ஜின் ஓடும்போது புல்லியைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தள்ளாடக் கூடாது. நிறுத்திவிட்டு டார்ச் அடித்து ரப்பரைப் பாருங்கள். வெடிப்பு, பிதுங்கல், வளையம் குடத்தைவிடப் பின்னால் தள்ளி மூடியை உரசிய தழும்பு, இதில் எது இருந்தாலும் புல்லி முடிந்தது.

கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும் சந்தேகம் இருந்தால் உச்சியையே தேடிப் பிடிக்க வேண்டியதுதான். சாவியை எடுத்துவிட்டு எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள், என்ஜின் கையால் சுற்ற லேசாகும். ஒன்றாம் சிலிண்டர் பிளக் ஓட்டைக்குள் ஒரு நீள பிளாஸ்டிக் ஸ்ட்ராவை விட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி மெதுவாகச் சுற்றினால் ஸ்ட்ரா எழும்பி, நின்று, இறங்கும். சத்தே குச்சியை விடாதீர்கள். உள்ளே ஒடிந்தால் அதற்குப் பிறகு உங்கள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் குச்சிக்குத்தான். ஸ்ட்ரா எழும்பி நிற்கிற இடத்தில் குறி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உச்சியில் பிஸ்டன் சில டிகிரி அசையாத மாதிரியே இருக்கும் என்பதால் இந்த முறை துல்லியம் இல்லை. ஆனால் 20 டிகிரிப் பொய்யை உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

துல்லியம் வேண்டுமென்றால் பிஸ்டன் ஸ்டாப். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அதன் உடம்புக்குள் முனை மழுங்கிய நீள போல்ட் ஒன்றை முறுக்கி வைத்தால் அதுதான் ஸ்டாப். பிஸ்டன் கீழே இருக்கும்போது அதை ஒன்றாம் சிலிண்டரில் மாட்டுங்கள். கையால், கையால் மட்டும், கிராங்க்கைச் சுற்றுங்கள். பிஸ்டன் மேலே வந்து போல்ட்டைத் தொட்டு நிற்கும். அழுத்தக் கூடாது. மூடியில் இருக்கும் பூஜ்யத்துக்கு நேராகப் புல்லியில் சாக்கட்டியால் ஒரு கோடு. இப்போது எதிர்ப்பக்கம் சுற்றினால் பிஸ்டன் இறங்கி, மறுபடி ஏறி, மறுபக்கம் வந்து தொட்டு நிற்கும். அங்கே இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில்தான் உண்மையான உச்சி. துணிக்கடை டேப்பைப் புல்லி மேல் சுற்றி அளந்தால் போதும். ஸ்டாப் உள்ளே இருக்கும்போது யாராவது சாவியைப் போட்டு ஸ்டார்ட்டரை அடித்தால் பிஸ்டன் போச்சு. அதனால் சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கும்.

சங்கிலியில் ஓடும் என் 120ஒய்க்கு இந்த முறை பொருத்தம். டைமிங் பெல்ட் உள்ள என்ஜினைப் பின்பக்கமாகச் சுற்றுவது எனக்குப் பிடிக்காது, டென்ஷனர் தளர்ந்து பல் தாவினால் இன்னொரு வேலை. வால்வோவில் அதற்கு நல்ல மாற்று உண்டு. பெல்ட் மூடியைத் திறந்தால் உள்ளே பெல்ட் பல்சக்கரத்துக்கும் தனிக் குறி இருக்கிறது. அது ரப்பர் எதுவும் இல்லாமல் சாவிக்கட்டையால், அதாவது பள்ளத்தில் உட்காரும் சின்ன இரும்புத் துண்டால், கிராங்க்கோடு பூட்டியது, பொய் சொல்ல முடியாது. அதை நேராக வைத்துவிட்டு வெளியே புல்லியைப் பார்த்தோம். குறி 26 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. புல்லியின் குறுக்களவு ஏறத்தாழ 150 மில்லிமீட்டர், சுற்றளவு 471. அதை 360-ஆல் வகுத்தால் டிகிரிக்கு 1.3 மில்லிமீட்டர். 26 மில்லிமீட்டர் என்றால் 20 டிகிரி. டிரஸ்சர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "அப்போ ரேடியேட்டர்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

மாற்றுவது

புதுசுதான் வாங்குங்கள். பழைய காடிகளைப் பிரித்து விற்கும் போத்தோங் கடையில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் ரப்பருக்கும் உங்கள் ரப்பருக்கும் ஒரே வயசு. கதவு, பம்பர், சீட் எல்லாம் அங்கே வாங்கலாம், இதை வாங்காதீர்கள். புதுசு வந்ததும் பழையதையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாவிக்கட்டைப் பள்ளம் இரண்டும் மேலே பார்க்கும்படி திருப்புங்கள். பெல்டிங் பள்ளங்களின் எண்ணிக்கை, ஆழம், டைமிங் குறி இருக்கும் இடம் மூன்றையும் ஒப்பிடுங்கள். பழையது வழுக்கியிருந்தால் குறி இடம் ஒத்து வராது, அது சரிதான். அப்போது உச்சியைத் தேடிப் பிடித்த அளவோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரே என்ஜினுக்கு வருஷத்துக்கு வருஷம் குறியை இடம் மாற்றியிருக்கும் கம்பெனிகளும் உண்டு.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, பெல்டிங் போகும் வழியைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டருக்கு முன் ஒரு கெட்டி அட்டையைச் செருகிவிட்டால் ஸ்பேனர் வழுக்கினாலும் ஓட்டை விழாது. அடியில் போக வேண்டியிருந்தால் ஜேக்கை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

நடு போல்ட்தான் இந்த வேலையில் பாதி. வருஷக்கணக்கில் இறுகியிருக்கும். மேனுவல் கியர் காடி என்றால் டாப் கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, நீளக் குழாய் மாட்டிய ஸ்பேனரால் திறக்கலாம். ஆட்டோ என்றால் பின்னால் ஃபிளைவீல் பல்லைப் பூட்டும் கருவி வேண்டும். வெளி வளையத்தைப் பட்டை ஸ்பேனரால் பிடித்துத் திறக்கக் கூடாது, இருக்கிற ரப்பரும் பிய்ந்துவிடும். ஸ்பேனரைச் சட்டத்தில் முட்டுக் கொடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டுகிற வித்தையைப் பல பட்டறைகளில் செய்கிறார்கள். ஸ்பேனர் பறந்து வந்து முகத்தில் அடித்தவரை நான் ஆலையில் பார்த்திருக்கிறேன். நான் செய்வதில்லை.

வால்வோவில் போல்ட் வந்ததும் புல்லி கொஞ்சம் ஆட்டி இழுக்கக் கையோடு வந்துவிட்டது. எல்லா வண்டியிலும் இப்படி வராது. அழுத்திப் பொருத்திய புல்லிகளுக்கு, குடத்தில் இருக்கும் திருகு ஓட்டைகளில் போல்ட் மாட்டி இழுக்கும் புல்லர் வேண்டும். மூன்று கால் புல்லரை வெளி வளையத்தில் மாட்டி இழுத்தால் வளையம் மட்டும் தனியாக வரும். குடம் உள்ளேயே நின்று உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

புல்லி வெளியே வந்த பிறகு முன் ஆயில் சீலை மாற்றாமல் மூடுவது சோம்பேறித்தனம். புது ரப்பரைக் கெடுக்கப்போவதும் அந்தச் சீல்தான். சாவிக்கட்டை நசுங்கியிருக்கிறதா பாருங்கள், கிராங்க் முனையைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, சீல் உதட்டில் துளி எண்ணெய் தடவுங்கள். புதுப் புல்லியை உள்ளே தள்ளும்போது சுத்தியலைத் தொடாதீர்கள். ஒவ்வோர் அடியும் கிராங்க் ஷாஃப்ட் வழியாக உள்ளே இருக்கும் திரஸ்ட் பேரிங்கில் போய் விழும், ரப்பரின் ஒட்டும் விடும். இறுக்கமான புல்லிக்கு அதை இழுத்து ஏற்றும் கருவியை வாடகைக்கோ கடனுக்கோ வாங்குங்கள். கடைசியில் டார்க் ஸ்பேனர், புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு. கைக்கணக்கு இங்கே செல்லாது.

மாட்டி முடித்ததும் வெள்ளைப் பெயின்டால் குடத்திலிருந்து ரப்பரைத் தாண்டி வளையம் வரை ஒரே நேர்க்கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

இனி விளக்கு

பொறிக்காகத் திறந்து மூடும் தொடர்பு முனை, அதாவது பாய்ன்ட், உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் முதலில் பாய்ன்ட் இடைவெளி, பிறகுதான் டைமிங். இடைவெளி கூடினால் பாய்ன்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னே போகும். வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டு தடவை வேலை. என் 120ஒய்க்கு அரை மில்லிமீட்டர் வைக்கிறேன்.

என்ஜினை நன்றாகச் சூடேற்றுங்கள். ஐட்லிங் தகட்டில் சொன்ன அளவில் இருக்கட்டும், அதிகமாக இருந்தால் எடைகள் விரிந்து அளவைக் கெடுக்கும். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைக்கச் சொல்லியிருந்தால் அடையுங்கள். குறியைத் துடைத்து, கொஞ்சம் வெற்றிலைச் சுண்ணாம்பு தடவினால் விளக்கில் பளிச்சென்று தெரியும். கடையில் இதற்கென்று பேனா விற்கிறார்கள், சுண்ணாம்பே போதும்.

டைமிங் லைட்டின் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் பேட்டரிக்கு, கிளிப் ஒன்றாம் பிளக் ஒயருக்கு. ஒன்றாவது பிளக்கில் பொறி விழும் ஒவ்வொரு தடவையும் விளக்கு மின்னும், அதனால் சுற்றுகிற புல்லி நின்றுவிட்ட மாதிரித் தெரியும். இதில்தான் ஆபத்து. அந்த வெளிச்சத்தில் விசிறியும் நிற்கிற மாதிரித் தெரியலாம், உண்மையில் விரலைச் சீவுகிற வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கழுத்துச் சங்கிலி, கையில் கட்டிய சாமிக் கயிறு, தொங்குகிற சட்டைக்கை எதுவும் கிட்டே போகக் கூடாது.

டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் இருக்கும் போல்ட்டைக் கையால் திருப்ப வருகிற அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். உள்ளே ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முன்னே போகும், அதே திசையில் திருப்பினால் பின்னே. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது, அதனால் அங்கே 1 டிகிரி திருப்பினால் இங்கே 2 டிகிரி மாறும். கடுகளவு தட்டிப் பார்த்துப் பார்த்து வையுங்கள். போல்ட்டை இறுக்கிய பிறகு இன்னொரு முறை விளக்கைப் பிடியுங்கள், இறுக்கும்போது நகர்ந்துவிடுவது அதன் பழக்கம். அப்புறம் 2500, 3000 சுற்றுக்கு மிதித்துப் பாருங்கள். குறி வழவழவென்று முன்னே ஓட வேண்டும். அசையாமல் நின்றாலோ விக்கி விக்கி ஓடினாலோ டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளே எடைகள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கின்றன.

டிஸ்ட்ரிபியூட்டரை முழுசாகக் கழற்றியவர்களுக்கும், ஸ்டார்ட்டே ஆகாத என்ஜினுக்கும் ஒரு வழி. கிராங்க்கைக் கையால் சுற்றிக் குறியை வேண்டிய டிகிரியில் நிறுத்துங்கள். ஒன்றாம் பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு சுற்றினால் காற்று விரலைத் தள்ளும், அந்த ஏற்றம்தான் வேண்டும். இன்னொரு ஏற்றம் புகை வெளியேறுகிற ஏற்றம், அதில் வைத்தால் கார்பரேட்டர் வழியாக இருமும். 12 வோல்ட் பல்பு ஒன்றின் ஒரு முனையைக் காயிலின் பாய்ன்ட் பக்கத்திலும் மறு முனையை பாடியிலும் மாட்டி, சாவியைப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராக மெதுவாகத் திருப்பும்போது பாய்ன்ட் திறந்த நொடியில் பல்பு எரியும். அந்த இடத்தில் இறுக்கினால் என்ஜின் ஸ்டார்ட் ஆகிற அளவுக்குச் சரியாக இருக்கும். பிறகு விளக்கு வைத்துத் திருத்தலாம். நான்கு சிலிண்டரில் பிளக் ஒயர் வரிசை பெரும்பாலும் 1-3-4-2. சந்தேகம் இருந்தால் கழற்றும் முன்பே ஒயரில் டேப் ஒட்டி எண் எழுதிவிடுங்கள்.

கடைசிச் சோதனை ரோட்டில்தான். வால்வோவை ஊருக்கு வெளியே இருக்கும் மேட்டுக்கு எடுத்துப் போனோம். ரோன் 95 பெட்ரோல் போட்டிருந்தது. மூன்றாவது கியரில் மிதித்ததும் லேசாகக் கிணிகிணி கேட்டது. ஓரமாக நிறுத்தி 2 டிகிரி பின்னே வைத்தோம், சத்தம் போய்விட்டது, இழுவை அப்படியே இருந்தது. புத்தகத்து எண் தொடக்கம்தான். பழைய என்ஜின், கரி படிந்த பிஸ்டன், இன்றைய பெட்ரோல், மூன்றுக்கும் ஏற்ற மாதிரி ஓரிரு டிகிரி விட்டுக்கொடுக்கலாம். அதற்கு மேல் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் வேறு எங்கோ கோளாறு.

வெள்ளைக் கோடு இழுக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். வளையம் மறுபடி வழுக்கினால் கோடு இரண்டாக உடைந்து தெரியும். உச்சியைத் தேட வேண்டாம், ஸ்ட்ரா வேண்டாம், பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தால் போதும். பழைய புல்லியோடு இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அதன் மேலும் இப்போதே ஒரு கோடு இழுத்துவிட்டு, ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

போன மாதம் ஆயில் மாற்ற வந்தபோது டிரஸ்சர் ஐயாவே பானெட்டைத் திறந்து, என் கையில் இருந்த டார்ச்சை வாங்கி, குனிந்து பார்த்தார். ஒரே கோடாகத்தான் இருந்தது.